இரண்டு பிற்பகல்கள்

ஸ்காட்லாந்துக்காக ரக்பி, கால்பந்து இரண்டும் ஆடிய ஒரே மனிதர் என்று பதிவாகியிருப்பவர் ஹென்றி ரென்னி-டெய்லியர். 1849 அக்டோபர் 9ஆம் தேதி பிறந்தவர். பிறந்த இடம் எடின்பரோவும் இல்லை, கிளாஸ்கோவும் இல்லை. நம்ம முசூரி. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் மலையேறிப் போய் பங்களா கட்டிக்கொண்ட ஊர். தென்காசிக்காரனுக்கு விளக்குவதென்றால் ஒரு வரி போதும்: பாளையங்கோட்டை துரைமாருக்குக் குற்றாலம் எப்படியோ, வடக்கே இருந்த துரைமாருக்கு முசூரி அப்படி.

எனக்கும் ரக்பிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குத்துக்கல்வலசையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எடின்பரோவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன், இரண்டு வருஷம். திங்கட்கிழமை கால் ஆரம்பிக்கும்போது முதல் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுவது அவர்கள் வழக்கம். நான் சாரல் பற்றிச் சொல்வேன். அங்கே மேனேஜராக இருந்தவர் ரக்பி பற்றிச் சொல்வார். ஒரு பிப்ரவரியில் அவர், "இந்த வாரம் கல்கத்தா கோப்பை, உங்க ஊர் வெள்ளிதான்" என்றார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்ளும் ஆட்டத்துக்குக் கல்கத்தா பெயர் எதற்கு என்று அன்று இரவு தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில்தான் ரென்னி-டெய்லியர் அகப்பட்டார்.

கோப்பையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் பக்கத்துக்கு இருபது பேராகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் தொடங்கினார்கள். நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு ரெஜிமென்ட் ஒன்று ஊர் மாறிப் போனது, வங்காளத்து வெக்கைக்கு டென்னிசும் போலோவும் தோதாக இருந்தன, கிளப்பில் இலவசமாக ஊற்றிக்கொடுத்த சாராயத்தையும் நிறுத்திவிட்டார்கள். இந்த மூன்றில் மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்பது என் ஊகம். கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, மொத்தம் 270 ரூபாய், அதை உருக்கிக் கோப்பை செய்து 1878இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். கைப்பிடி மூன்றும் நல்லபாம்பு, மூடி மேல் யானை. 1879இலிருந்து அதற்காகத்தான் இரண்டு நாடும் ஆடுகின்றன. 1988இல் இரு அணி ஆட்டக்காரர்கள் ராத்திரி அதை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கியதும் உண்டு. மேனேஜர் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

அந்தக் கோப்பைக்கும் முந்தையவர் ரென்னி-டெய்லியர். உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் நடந்தது, ஸ்காட்லாந்து ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் 1872 பிப்ரவரி 5 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில். அதில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர் இவர். வயது 22. இங்கிலாந்து ஜெயித்தது.

அன்றைய ரக்பி இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற ரக்பி இல்லை. பதினைந்து பேர் இல்லை, பக்கத்துக்கு இருபது பேர். பெரும்பாலான நேரம் இரண்டு கும்பல் தலையை முட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே நிற்கும், பந்து உள்ளே எங்கேயோ கிடக்கும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் இன்றைக்கு ஐந்து புள்ளி. அன்றைக்கு அதற்கு ஒன்றும் கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான். 'முயற்சி செய்துகொள்' என்பதால்தான் அதற்கு 'ட்ரை' என்று பெயரே வந்தது. எங்கள் ஊர் கபடிக்காரனிடம் இதைச் சொன்னால், தொட்டுட்டு வந்தாலும் பாயிண்ட் இல்லையா, அப்புறம் எதுக்கு உயிரைக் குடுக்கணும் என்பான்.

அதே 1872இல், அதே ஓவலில், சரியாக நாற்பது நாள் கழித்து மார்ச் 16 அன்று எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதியாட்டம். கால்பந்து. வாண்டரர்ஸ் அணிக்கு எதிராக ஆடியது ராயல் இன்ஜினியர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர்களின் அணி. அதில் லெப்டினன்ட் ரென்னி-டெய்லியரும் உண்டு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் அவர்கள் அணியின் கிரெஸ்வெல் என்பவருக்குக் காறையெலும்பு முறிந்தது. மாற்று ஆள் என்ற ஏற்பாடே இல்லாத காலம். அந்த மனிதர் எலும்பு முறிந்தபடியே கடைசிவரை களத்தில் நின்றார். இன்ஜினியர்ஸ் ஒரு கோலில் தோற்றார்கள். 1874 இறுதியிலும் ஆக்ஸ்ஃபோர்டிடம் தோல்வி. 1875இல் ஓல்ட் ஈட்டோனியன்ஸை மறு ஆட்டத்தில் வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். மூன்றிலும் இவர் ஆடினார்.

இன்ஜினியர்ஸ் அணியின் பெருமை கோப்பை இல்லை. அந்தக் காலத்துக் கால்பந்தில் பந்து கிடைத்தவன் அதை உருட்டிக்கொண்டு தனியாக ஓடுவான், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடும் முறையை வளர்த்த முதல் அணிகளில் இன்ஜினியர்ஸுக்கு முக்கியமான இடம் உண்டு. சாத்தமில் ஒன்றாகப் பாலம் கட்டப் பழகிய ஆட்கள், பந்தையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். நான் படித்த பொறியியல் கல்லூரியில் மைதானத்துக் கம்பிக்கதவு பூட்டியே கிடக்கும், விளையாட்டு வகுப்பை எம்-த்ரீ கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அதனால் பொறியாளர்களுக்கும் கால்பந்துக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

1873 மார்ச் 8. மறுபடியும் ஓவல். இங்கிலாந்து ஸ்காட்லாந்து கால்பந்து. முந்தைய நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேச ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்திருந்தது. ஆகவே உலகின் முதல் சர்வதேச கோல் இந்த ஆட்டத்தில்தான் விழுந்தாக வேண்டும். இங்கிலாந்துக்காக அடித்தவர் வில்லியம் கென்யன்-ஸ்லேனி. அவர் பிறந்த ஊர் ராஜ்கோட். ஸ்காட்லாந்தின் முதல் சர்வதேச கோலும் அதே ஆட்டத்தில் விழுந்தது. அடித்தவர் முசூரியில் பிறந்த ரென்னி-டெய்லியர். இங்கிலாந்து 4-2 என்று ஜெயித்தது.

இதை முதலில் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. இரண்டு நாட்டின் முதல் கோலும் 'நம்ம ஊர்க்காரங்க' அடித்தது என்று அலுவலகக் குழுவில் பகிரலாம் போல. ஆனால் அந்த 'நம்ம' ஒட்டாது. அவர்கள் இங்கே பிறந்ததற்குக் காரணம் அப்பாக்களுக்கு இங்கே உத்தியோகம் இருந்தது. ரென்னி-டெய்லியரின் தந்தையும் வங்காளப் படையின் பொறியாளர்தான். எங்கள் ஊர்ப் பெயரில் வலசை இருக்கிறது. பஞ்சத்துக்கோ சண்டைக்கோ பயந்து, இருந்த இடத்தை விட்டுக் கூட்டமாகக் கிளம்பி வந்து தங்கிய இடம் என்று பொருள். அது ஒரு மாதிரிப் போக்குவரத்து. இவர்களுடையது வேறு மாதிரி. பிள்ளை ஓரளவு வளர்ந்ததும் சீமைக்கு அனுப்பி, செல்ட்டன்ஹாம் கல்லூரியில் படிக்கவைத்து, உல்விச் ராணுவக் கழகத்தில் சேர்த்து, அவனையும் இன்ஜினியராக்கி, மறுபடி சாம்ராஜ்ஜியத்தின் ஏதாவதொரு மூலைக்கு அனுப்புகிற போக்குவரத்து. மான்ட்ரோஸ் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். திரும்பிப் போக ஒரு வீடு எப்போதும் இருந்தது.

கணக்குப் பார்த்தால் அவருடைய சர்வதேச வாழ்க்கை மொத்தமும் இரண்டு பிற்பகல்கள். ஒரு ரக்பி ஆட்டம், ஒரு கால்பந்து ஆட்டம். இரண்டிலும் தோல்வி. நடுவில் பதிமூன்று மாதம். பிறகு கிரிக்கெட்டில் கென்ட் மாவட்ட அணிக்கு 1873இலிருந்து 1883வரை நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆடினார். 1880இல் இன்ஜினியர்ஸ் அணிக்காக சிவில் சர்வீஸ் அணியை அடித்துத் துவைத்து ஆட்டமிழக்காமல் 331 ரன் எடுத்தார். அப்போது வயது முப்பது. மூன்று விளையாட்டிலும் உச்சத்தில் இருந்த ஆள் எதிலும் முழுசாகத் தங்கவில்லை. தங்க வேண்டிய தேவை இல்லை. அவருடைய சாப்பாடு எந்த மைதானத்திலும் இல்லை.

இந்த உலகம் எத்தனை சீக்கிரம் முடிந்துபோனது என்பதுதான் வேடிக்கை. 1883 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி ஓல்ட் ஈட்டோனியன்ஸைத் தோற்கடித்தது. ஒலிம்பிக்கில் ஆடியவர்களில் நெசவாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கனவான்களின் அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. 1885இல் கால்பந்துச் சங்கம் சம்பளத்துக்கு ஆடுவதை ஒப்புக்கொண்டது. ரக்பி ஒப்புக்கொள்ளவில்லை. வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த ரக்பிக்காரர்கள் கேட்டது பெரிய தொகை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் வெட்டுப்படும் அரைநாள் கூலியைக் கொடுங்கள் என்றார்கள். முடியாது என்றது தலைமை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து போய்விட்டன. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் பிறந்தது அப்படித்தான். மிச்சமிருந்த ரக்பி சரியாக நூறு வருஷம் பிடிவாதம் பிடித்துவிட்டு 1995இல்தான் சம்பளத்துக்குக் கதவைத் திறந்தது.

காசுக்கு ஆடினால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று சொன்னவர்கள் எல்லாரும் காசு இருந்தவர்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ரென்னி-டெய்லியர் வகையறா ஆட்டத்தை நேசித்ததில் பொய் இல்லை. காறையெலும்பு உடைந்தபின்னும் களத்தில் நின்றவனுக்கு ஒரு பைசா வரும்படி இல்லை. ஆனால் அந்த நேசத்துக்கு ஒரு ஓய்வுநேரம் தேவைப்பட்டது, அந்த நேரத்தை வேறு யாரோ வயலிலும் ஆலையிலும் நின்று சம்பாதித்துக் கொடுத்தார்கள்.

1899இல் அவர் கர்னலாக ஓய்வு பெற்றார். ஐம்பது வயது. நம்ம ஊர் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் என்றால் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார வேண்டும். இவர் டப்ளினுக்குப் போய் கின்னஸ் மது ஆலையில் சேர்ந்தார், பின்னால் அதன் நிர்வாக இயக்குநராகவும் ஆனார். கின்னஸ் அப்போது ஏதோ ஒரு சாராயக் கம்பெனி இல்லை. 1759இல் ஆர்தர் கின்னஸ் வருஷத்துக்கு 45 பவுண்டு வாடகைக்கு ஒன்பதாயிரம் வருஷக் குத்தகை எழுதி வாங்கிய இடத்தில் தொடங்கியது, 1886இல் லண்டன் பங்குச்சந்தைக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய மது ஆலை அதுதான். உள்ளே சொந்தமாக ரயில் பாதை, தொழிலாளிகளுக்கு வைத்தியர், பென்ஷன். ஒரு குட்டி சமஸ்தானம். சமஸ்தானத்தை நடத்தப் பழகிய ஆட்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டிருப்பார்கள்.

நடுவில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். அதே 1899இல் அதே ஆலையில் வில்லியம் கோசெட் என்ற இளைஞரும் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியின் தரத்தைக் கொஞ்சம் மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கணிப்பது என்று மண்டையை உடைத்து அவர் கண்டுபிடித்ததைக் கம்பெனி தன் பெயரில் வெளியிட விடவில்லை. 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். புள்ளியியல் படித்த எல்லாரும் போட்டுப் பார்த்திருக்கும் டி-டெஸ்ட் அதிலிருந்து வந்தது. வலைப்பக்கத்தில் பட்டன் நீலத்தில் இருந்தால் அதிகம் பேர் அமுக்குகிறார்களா, பச்சையிலா என்று பார்க்க நான் வாரா வாரம் போடும் கணக்கின் மூலம் அது. ஓர் ஆலை வளாகத்துக்குள் கோல் அடித்த கர்னலும், பெயரை மறைத்துக்கொண்ட கோசெட்டும்.

ஆலைத் தொழிலாளிகள் 1902இல் தங்களுக்கென்று ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள். செயின்ட் ஜேம்ஸஸ் கேட் என்று ஆலை இருந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள். 1916இல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தபோது கின்னஸ் லாரிகள் மேல் ரயில் எஞ்சினின் இரும்பு உருளைகளைக் கவிழ்த்துப் பூட்டி, ராணுவம் கவச வண்டியாக ஓட்டியது. துளை போட்டுச் சுட இடம் விட்டிருந்தார்கள். உண்மையான துளைகளுக்கு நடுவே, சுடுகிறவனை ஏமாற்ற, கறுப்புப் பெயின்ட்டில் வெறும் வட்டங்களும் வரைந்திருந்தார்கள். அந்த எழுச்சி அடக்கப்பட்டது, ஆனால் சில வருஷத்தில் அயர்லாந்து கைநழுவியது. புதிய நாட்டின் முதல் கால்பந்து லீக் 1921-22இல் நடந்தது. பட்டம் வென்றது கின்னஸ் தொழிலாளிகளின் அணி. கர்னல் அதைப் பார்க்கவில்லை. 1920 ஜூன் 15 அன்று மான்ட்ரோஸில் இறந்துவிட்டார்.

கம்பெனி வேலை, கம்பெனி ஆட்டம் என்கிற இந்த இடத்தில்தான் நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. எம்.ஜே. கோபாலன். 1909இல் செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். ரென்னி-டெய்லியர் மாதிரியே இரண்டு ஆட்டத்தில் நாட்டுக்கு ஆடியவர், கிரிக்கெட்டும் ஹாக்கியும். சென்னையில் ஆடிக்கொண்டிருந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இவர் பந்து வீசுவதைப் பார்த்து அழைத்துக்கொண்டார், பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. 1934இல் சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியது கோபாலன். 1935இல் தியான்சந்த் தலைமையில் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார். அடுத்த வருஷம் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்கு, ஒன்று இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் கோபாலனை வெளியே உட்கார வைத்தார்கள். 1934இல் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவர் கணக்கு நின்றது.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தத் தேர்வைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ரென்னி-டெய்லியர் பிப்ரவரியில் ரக்பியும் மார்ச்சில் கால்பந்தும் கோடையில் கிரிக்கெட்டும் ஆடினார். யாரும் அவரிடம் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கவே இல்லை. அறுபது வருஷத்தில் ஆட்டம் நாடுகளின், கமிட்டிகளின் விஷயமாகிவிட்டது. இரண்டு திறமை உள்ளவன் ஒன்றை வெட்டிப் போட வேண்டிய காலத்தில் கோபாலன் வந்து சேர்ந்தார்.

இப்போது வெட்டுவது இன்னும் கீழே இறங்கி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. என் சித்தப்பா மகன் கபடி ஆடுவான். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை என்றால் ராத்திரி ஆட்டம் உண்டு. டியூப்லைட் கட்டி, மைக் செட் அலற, விடிய விடிய ஆடுவார்கள். அவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். அவனைப் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆள் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சித்தி கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்: "இதுல சர்ட்டிபிகேட் குடுப்பாவளா, மாட்டாவளா?" கொடை ஆட்டத்துக்குச் சர்டிபிகேட் கிடையாது, குத்துவிளக்கும் ரொக்கமும்தான். சங்கம் நடத்தும் போட்டிக்குத்தான் உண்டு. போலீஸ் வேலையில் விளையாட்டுக்காரர்களுக்குப் பத்து சதவீதம், பொறியியல் சேர்க்கையில் ஐந்நூறு இடம். எந்தப் போட்டிக்கு எந்த மதிப்பு, எந்த வருஷத்துச் சர்டிபிகேட் செல்லும் என்கிற விவரமெல்லாம் சித்திக்கு ரேஷன் கார்டு நம்பர் போல மனப்பாடம். கொடை ஆட்டத்தில் அவன் காட்டிய ஆட்டத்தில் பாதியைக்கூட சங்கப் போட்டியில் காட்டியதில்லை. அங்கே அடிபடாமல் ஆடுவான். முழங்கால் போனால் ஓட்டத் தேர்வு போச்சு.

நானும் பதினொன்றாம் வகுப்புவரை வாலிபால் ஆடியவன்தான். பிறகு கட்-ஆஃப் வந்தது, விட்டுவிட்டேன். எனக்கு இது பெரிய சோகமில்லை, நான் சுமாரான ஆட்டக்காரன். அவன் சுமார் இல்லை.

அவனுக்கு இப்போது போலீஸில் வேலை, தூத்துக்குடியில். போன ஐப்பசியில் வந்திருந்தபோது ரென்னி-டெய்லியர் கதையை முழுக்கச் சொன்னேன். இருபது பேர் முட்டுவதை ரசித்தான். கோப்பையில் பாம்பு இருப்பதை நம்பவில்லை, போனில் படம் காட்ட வேண்டியிருந்தது. கோபாலனுக்கு, "பாவம்ணே, பெஞ்ச்ல உக்காந்து சாவறது எனக்குத் தெரியும்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"ஏண்ணே, அம்புட்டு ஆட்டம் தெரிஞ்ச மனுசன், நாட்டுக்கு ஒத்த ஒத்த மேட்ச்சோட ஏன் நிறுத்துனாரு?"

அப்போதெல்லாம் வருஷத்துக்கே ஒரு ஆட்டம்தான், அதுபோக அவர் பட்டாளத்தில் இருந்தார் என்றேன்.

"அப்ப லீவு கெடச்சிருக்காது," என்றான்.